முதுகுத்தண்டில் கட்டி என்ற சந்தேகம்: முதல் வலியிலிருந்து சிகிச்சை வரை

முதுகு வலித்தவுடன் கட்டியாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தசைப்பிடிப்பு, டிஸ்க் விலகல், தேய்மானம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் எலும்பு மெலிவு ஆகியவையே பெரும்பாலான முதுகுவலிக்குக் காரணம்; அவற்றுள் பல, எளிய மருந்திலும் உடற்பயிற்சியிலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் கட்டியால் வரும் வலியும் தொடக்கத்தில் இதே வேடத்தில்தான் வருகிறது. அதை வாயுப்பிடிப்பு என்றும் சுளுக்கு என்றும் எண்ணி, தைலத்திலும் ஒத்தடத்திலும் மாதங்களைக் கழித்துவிட்டு, கால்கள் துவண்ட பிறகு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் எழும் நாளிலிருந்து எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே விரைய வேண்டும், எங்கே விரையவே கூடாது என்பதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவரின் நேரடிச் சோதனைக்கு இது மாற்றாகாது. அவர் கேட்கும் கேள்விகளின் பொருள் விளங்க உதவும், அவ்வளவே.

வலி சொல்வதைக் கேட்பது

டிஸ்க் வலி உள்ளவர் பொதுவாகப் படுத்தால் சற்று நிம்மதி அடைவார். கட்டி உள்ளவர் பலருக்கு நேர்மாறாக, படுத்த பிறகுதான் வலி கூடும். படுத்த நிலையில், முதுகெலும்புக்குள் செல்லும் நரம்புத் தொகுதியான தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகள் ரத்தத்தால் புடைத்து, ஏற்கெனவே நெருக்கடியாக உள்ள இடத்தை மேலும் குறுக்குவது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எனவே நோயாளியிடம் "வலி இருக்கிறதா" என்று கேட்பதைவிட "இரவில் எங்கே தூங்குகிறீர்கள்" என்று கேட்பது பயன்தரும். இரண்டு மாதமாக ஈசிச்சேரில் சாய்ந்தபடியேதான் கண்ணயர்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த முதுகை உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வலியின் இரண்டாவது வகை, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும் வலி. மார்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு இடையே வெளிவரும் நரம்பு அழுத்தப்படுவதால் இது உண்டாகிறது. இதயம், பித்தப்பை, குடல்புண் என்று பல இடங்களில் தேடி, எல்லாச் சோதனைகளும் சரியாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பப்படுபவர்களில் சிலருக்குக் காரணம் முதுகில் இருக்கும். மூன்றாவது வகை, எழுந்து உட்காரும்போதும் புரளும்போதும் மட்டும் மின்னல்போல் வெட்டி, அசையாமல் கிடந்தால் அடங்கும் வலி. கட்டி அரித்த எலும்பு உடல் எடையைத் தாங்கும் வலுவை இழந்துவிட்டதை இது காட்டுகிறது. இந்த மூன்றாவது வகையைப் பிரித்தறிவது சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது மிக முக்கியமாகும். அதைப் பின்னர் பார்ப்போம்.

வயதும் பழைய நோய் வரலாறும் வலியின் பொருளை மாற்றுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்மணி, "அதுதான் குணமாகிவிட்டதே" என்று எண்ணி அதை மருத்துவரிடம் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. சில வீடுகளில் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியக் கூடாது என்று மறைப்பதும் உண்டு. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவும் இயல்புடையவை. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் செல்வது, புதிய ஸ்கேன் ஒன்றுக்கு நிகரான தகவலைத் தரும். குழந்தைக்கோ வளரிளம் பருவத்தினருக்கோ விடாத முதுகுவலி இருந்தால், அதை வளரும் வயதில் வரும் வலி என்று ஒதுக்கக் கூடாது. இளம் வயதில் முதுகு ஒருபக்கமாக வளைந்து, இரவில் வலித்து, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைக்கு வியப்பூட்டும் வகையில் அடங்கினால், ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறிய, தீங்கற்ற எலும்புக் கட்டியை நினைக்க வேண்டும்.

கால்கள் தரும் எச்சரிக்கை

பெரும்பாலும் வலி பல வாரங்கள் நீடித்த பிறகே நரம்புக் குறைபாடு தொடங்கும். ஆனால் தொடங்கிவிட்டால் அது மாதக்கணக்கில் மெல்ல நகரலாம், அல்லது ஒரே நாளில் முற்றிவிடலாம். முதல் அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை. நடக்கும்போது ஒரு காலின் செருப்பு கழன்றுவிடும். நாலடி போய், வெறுங்காலில் கல் குத்துவதுகூடச் சரியாகத் தெரியாமல், யாரோ சொன்ன பிறகே திரும்பிப் பார்ப்பார். முகம் கழுவும்போது கண்ணை மூடியதும் தள்ளாடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார். காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை தளர்ந்துவிட்டதால், அதுவரை கண்ணால் பார்த்தே நிலையாக நின்றிருக்கிறார் என்று பொருள். மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாகும். கட்டி தண்டுவடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தினால், ஒரு கால் வலுவிழக்க, மறு காலில் வெந்நீரின் சூடு உறைக்காது. வலு குறைந்த காலுக்கும் சூடு தெரியாத காலுக்கும் தொடர்பில்லை என்று நோயாளி நினைப்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கழுத்துப் பகுதியில் கட்டி இருந்தால் சட்டைப் பொத்தான் போடுவதும் இட்லியைப் பிட்டுத் தொட்டுக்கொள்வதும் தடுமாறும்.

சிறுநீரைத் தொடங்குவதில் தாமதம், முழுவதும் போகாத உணர்வு, மலத்தை அடக்க இயலாமை, உட்காரும் இடம் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால், மறுநாள் ஓ.பி.க்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே எம்.ஆர்.ஐ. வசதியும், நரம்பு அல்லது முதுகுத்தண்டு அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தண்டுவடம் அழுத்தப்பட்டதாகச் சந்தேகித்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்பதே பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறி. சிகிச்சைக்குப் பின் ஒருவர் நடப்பாரா என்பதை மிகுதியும் தீர்மானிப்பது, சிகிச்சை தொடங்கும் நாளில் அவர் நடந்துகொண்டிருந்தாரா என்பதுதான்.

இந்த நிலையில் தவிர்க்க வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். முதுகைத் திருகிச் சொடுக்கெடுப்பது, மிதிப்பது, இழுவை கட்டுவது ஆகியவற்றைக் காரணம் தெரியும்வரை செய்யக் கூடாது. கட்டி அரித்த எலும்பு அந்த விசையில் நொறுங்கித் தண்டுவடத்துக்குள் புகுந்துவிடக்கூடும்.

கட்டி எந்த அறையில் இருக்கிறது

முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உள்ளன: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, ஒன்றாக இணைந்த திரிக எலும்பில் 5, வாலெலும்பில் பொதுவாக 4. இவற்றின் நடுவே செல்லும் குழாயில் தண்டுவடம் தன் உறைக்குள் தொங்குகிறது; வளர்ந்தவர்களுக்கு அது முதல் இடுப்பு முள்ளெலும்பின் அருகே முடிந்து, அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல் பிரிந்து செல்கின்றன. கட்டி இருக்கும் இடத்தை வீட்டின் அறைகளைப்போல் மூன்றாகப் பிரிக்கலாம். உறைக்கு வெளியே, எலும்பில் இருப்பவை முதல் வகை; உடலின் வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய்கள் பெரும்பாலும் இங்கேதான் தங்குகின்றன. உறைக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே இருப்பவை இரண்டாம் வகை. மெனிஞ்சியோமா, ஷ்வானோமா, நியூரோஃபைப்ரோமா ஆகிய இவை பெரும்பாலும் தீங்கற்றவை, மெல்ல வளர்பவை. தண்டுவடத்துக்குள்ளேயே முளைப்பவை மூன்றாம் வகை. பெரியவர்களுக்கு எபெண்டிமோமாவும் குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமாவும் இதில் அதிகம்.

ஸ்கேன் அறிக்கையில் "கட்டி" என்ற சொல்லைக் கண்டதும் குடும்பமே உடைந்துபோவதைப் பார்க்கிறோம். அந்த அறிக்கையில் "ஹெமாஞ்சியோமா" என்று இருந்தால், பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. எலும்புக்குள் இருக்கும் இந்த ரத்தக்குழாய் முடிச்சு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பது; வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிவது. வெகு சிலருக்கே அது வளர்ந்து நரம்பை அழுத்தும்.

சோதனைகளை வரிசையாகச் செய்வது

லண்டனில் 1887 ஜூன் மாதம், தண்டுவடக் கட்டி ஒன்று முதன்முறையாக வெற்றிகரமாக அகற்றப்பட்டது. நோயாளியான கேப்டன் கில்பிக்கு மூன்று ஆண்டுகளாக முதுகில் தாங்கவொண்ணா வலி. பல மருத்துவர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். இறுதியில் இரு கால்களும் செயலிழந்தன. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தோலில் உணர்ச்சி எங்கே முடிகிறது என்பதை மட்டும் வைத்துக் கட்டியின் இடத்தைக் கணித்தார். விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்தார். எதிர்பார்த்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் ஓர் எலும்பு மேலே திறந்த பிறகே அது தென்பட்டது. கில்பி பிறகு நடந்தார். இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: உணர்ச்சி மங்கும் மட்டத்துக்குப் பல எலும்புகள் மேலேயும் கட்டி இருக்கலாம். கால் பலவீனம் என்றவுடன் இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, "லேசான டிஸ்க் தேய்மானம்" என்ற அறிக்கையோடு திரும்பும் தவறு, நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் நடக்கிறது. கட்டியோ மார்புப் பகுதியில் இருக்கும். எனவே கட்டி என்ற சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ. முழு முதுகெலும்புக்கும் எடுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்வது நோயாளியின் உரிமை. பரவிய புற்றுநோய் ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில் இருப்பதும் சாதாரணம்.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது. ஒரு முள்ளெலும்பின் சத்தில் 30 முதல் 50 சதவீதம் அரிக்கப்பட்ட பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். நேர்முக எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஆந்தை முகம்போல் தோன்றும்: பக்கத்துக்கு ஒன்றாக இரு காம்பு எலும்புகள் கண்களாகவும், நடுமுள் அலகாகவும் தெரியும். ஒரு காம்பைக் கட்டி அரித்துவிட்டால் அந்த ஆந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டதுபோல் காட்சியளிக்கும். மருத்துவ மாணவர்கள் மறக்காமல் தேடும் அறிகுறி இது.

எம்.ஆர்.ஐ. படத்தில், கொழுப்பு நிறைந்த எலும்பு மஜ்ஜை டி1 வகைப் படத்தில் வெளிறித் தெரிய, கட்டி புகுந்த எலும்பு கறுத்திருக்கும். பெரும்பாலும் ஊசிமருந்து செலுத்தியும் படம் எடுப்பார்கள். அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின் சோதனை தேவை. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். படுக்கவே முடியாத வலியுள்ளவரை முக்கால் மணி நேரம் அசையாமல் கிடத்துவது எளிதன்று. வலிமருந்தைக் கொடுத்துவிட்டு ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டால், அசைவினால் மங்கிய படத்தோடு திரும்பி வருவதைத் தவிர்க்கலாம். எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, திருகாணி நிற்குமா என்பதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். புற்றுநோய் முதலில் எங்கே தோன்றியது என்பதைத் தேட மார்பு, வயிறு, இடுப்புக்கூடு சி.டி. அல்லது பெட்-சி.டி. எடுக்கப்படும்.

ரத்தச் சோதனைகளில் முழு ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., கால்சியம், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஆண்களுக்குப் புராஸ்டேட் தொடர்பான பி.எஸ்.ஏ. ஆகியவற்றோடு, ரத்தப் புரதங்களை வகைபிரித்துப் பார்க்கும் சீரம் புரத எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனையை விட்டுவிடக் கூடாது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் எலும்பு மெலிவு என்று முடிவுகட்டுவது எளிது. கூடவே ரத்தசோகையும் கிரியாட்டினின் உயர்வும் இருந்தால், அது மல்டிபிள் மையலோமா என்ற மஜ்ஜைப் புற்றாக இருக்கலாம். எலும்பு ஸ்கேனில் மையலோமா பல நேரம் தெரியாமல் போகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கால்சியம் மிகுந்தால் தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு ஆகியவை வரும். அதற்குத் தனியே அவசரச் சிகிச்சை உண்டு.

காசநோயா, கட்டியா

இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த படிக்குச் செல்ல முடியாது. முதுகெலும்புக் காசநோயும் இதே வலி, இதே எடையிழப்பு, இதே கால் தளர்ச்சியோடு வரும். படத்தில் ஒரு பொது விதி உதவும்: காசநோய் இரு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கையும் தின்று அடுத்தடுத்த எலும்புகளைச் சிதைக்கும், புற்றுநோய் எலும்பைத் தின்றாலும் டிஸ்க்கைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆனால் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பை மட்டும் தாக்கும் காசநோயும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்தே "டி.பி.தான்" என்று ஒன்பது மாத மருந்தைத் தொடங்குவதும், "புற்றுநோய்தான்" என்று கையை விரிப்பதும் ஒருபோலத் தவறு. ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பதே வழி. எடுத்த திசுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஃபார்மலினில் இட்டுப் பயாப்சிக்கும், மறு பகுதியைச் சலைன் நீரில் கிருமி வளர்ப்புக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புக்கு வழியில்லை. இந்தச் சிறு கவனக்குறைவால் மறுபடியும் ஊசி குத்த நேர்ந்தவர்கள் உண்டு.

பயாப்சி குறித்து மக்களிடையே ஓர் அச்சம் நிலவுகிறது: ஊசி பட்டால் கட்டி கலைந்து பரவிவிடும் என்பது. பரவிய புற்றுநோயிலும் மையலோமாவிலும் இந்த அச்சத்துக்காகப் பயாப்சியைத் தள்ளிப்போடுவது தவறு. எலும்பிலேயே தோன்றும் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா போன்றவற்றில் மட்டும் இதில் ஓர் உண்மை இருக்கிறது: ஊசி சென்ற பாதையில் கட்டியின் செல்கள் தங்கக்கூடும். எனவே அறுவை செய்யப்போகும் குழுவே, பின்னர் கட்டியோடு சேர்த்து வெட்டியெடுக்கத்தக்க பாதையில், சி.டி. வழிகாட்டுதலோடு ஊசியைச் செலுத்த வேண்டும். திரிக எலும்புக் கட்டிக்கு மலக்குடல் வழியாக ஊசி செலுத்தவே கூடாது. எலும்பிலேயே தோன்றிய இத்தகைய கட்டி என்ற சந்தேகம் இருந்தால், பயாப்சிக்கு முன்பே பெரிய மையத்துக்குச் செல்வதுதான் சரி. இது விரையக் கூடாத இடம். உறைக்குள் இருக்கும் கட்டிகளுக்கு ஊசிப் பயாப்சி செய்வதில்லை. அறுவையின்போதே திசு எடுக்கப்படும்.

கால் தளர்ந்துவிட்டால்: முதல் நாள்

பரவிய புற்றுநோய் தண்டுவடத்தை அழுத்துவதால் கால் தளர்ந்தவருக்கு முதலில் கொடுக்கப்படுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம், அதோடு வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. இது வீக்கத்தைத் தணித்து அவகாசம் வாங்கித் தருகிறது, கட்டியைக் கரைப்பதில்லை. மருந்தைச் சிரையில் வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பகுதியில் தீப்பிடித்ததுபோல் எரிச்சல் வந்து நோயாளி பதறிவிடுவார். மெல்லச் செலுத்தினால் அது பெரும்பாலும் வராது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவு கடுமையாக ஏறும் என்பதால் அடிக்கடி அளந்து இன்சுலினைச் சரிசெய்ய வேண்டும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்து, நரம்புக் குறைபாடு இல்லையெனில், பயாப்சி எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தவிர்ப்பார்கள். ஏனெனில் அது லிம்ஃபோமா செல்களை அழித்து அறிக்கையைக் குழப்பிவிடும். எலும்பு உறுதியாக இருக்கிறதா என்று தெரியும்வரை நோயாளியைத் தட்டையாகக் கிடத்தி, மூவர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் தலை, உடல், கால் ஒருசேரப் புரட்ட வேண்டும். சிறுநீர் தேங்கியிருந்தால் குழாய் பொருத்தப்படும்.

அறுவையா, கதிர்வீச்சா

பரவிய கட்டிக்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவக் குழு நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகிறது: தண்டுவடம் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சுக்குக் கட்டுப்படுமா, எலும்பு எடையைத் தாங்குமா, நோயாளியின் உடல்நிலையும் நோய் பரவிய அளவும் பெரிய அறுவைக்கு இடம் தருமா. இவற்றுள் மூன்றாவது கேள்விக்குத்தான் முன்னர் சொன்ன "எழுந்தால் வெட்டும் வலி" விடையளிக்கிறது. 2010-இல் வெளியான சின்ஸ் என்ற அளவீடு, கட்டி இருக்கும் இடம், வலியின் தன்மை, எலும்பின் அரிப்பு, வளைவு, நசுங்கிய அளவு, பின்புறத் தூண்களின் நிலை ஆகிய ஆறையும் எண்ணி 18-க்கு மதிப்பெண் இடுகிறது. 6 வரை உறுதியானது; 7 முதல் 12 வரை ஐயத்துக்குரியது; 13 முதல் 18 வரை உறுதியற்றது. உறுதியற்ற எலும்பைக் கதிர்வீச்சு நிமிர்த்தாது. திருகாணியும் கம்பியுமோ, தகுந்த இடங்களில் எலும்புக்குள் செலுத்தும் சிமென்ட்டோ தேவை.

லிம்ஃபோமா, மையலோமா, விரையின் சில புற்றுக்கள் ஆகியவை கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் விரைவில் சுருங்குபவை. எலும்பு உறுதியாக இருந்தால், தண்டுவடம் அழுத்தப்பட்ட நிலையிலும் இவற்றுக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. இதுவரை ஹார்மோன் மருந்து பெறாத புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சையை உடனே தொடங்குவது பெரும் பலன் தரும். மற்ற திடக் கட்டிகளில் நிலைமை வேறு. 2005-இல் வெளியான பேட்ச்செல் குழுவின் ஆய்வில், ஒரே இடத்தில் தண்டுவடம் அழுத்தப்பட்ட 101 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையும் கதிர்வீச்சும், மறு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும் அளித்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 84 சதவீதமும் மற்றவர்களில் 57 சதவீதமும் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். வயது மிகுந்தவருக்கும் பல மட்டங்களில் நோய் உள்ளவருக்கும் இந்த எண்களை அப்படியே பொருத்திவிட முடியாது. இரு கால்களும் முழுவதும் செயலிழந்து இரண்டு நாட்களுக்கு மேலானவருக்கு, நடை திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்டவருக்குப் பெரிய அறுவையை வற்புறுத்துவதைவிட, வலி தணிக்க 8 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவில் ஒரே முறை தரப்படும் கதிர்வீச்சே பல சமயம் நியாயமானது என்பது என் கருத்து.

சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து பரவிய கட்டிகள் ரத்தம் நிறைந்தவை. அறுவைக்கு முன் அவற்றுக்குச் செல்லும் ரத்தக்குழாய்களை அடைத்துவிடுவது வழக்கம்; ரத்த வங்கியில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகக் கட்டி வழக்கமான கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது. அதற்காகவே, அறுவையில் தண்டுவடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் உண்டாக்கிவிட்டு, மிச்சமுள்ள கட்டியின்மீது துல்லியமாகக் குவிக்கப்பட்ட உயர்அளவுக் கதிர்வீச்சை ஒன்று முதல் ஐந்து அமர்வுகளில் செலுத்தும் முறை வந்திருக்கிறது. அறுவைக் காயம் ஆறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டே கதிர்வீச்சைத் தொடங்குவார்கள். எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஊசிகளைத் தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு.

உறைக்குள் இருக்கும் கட்டிகள்

மெனிஞ்சியோமாவும் ஷ்வானோமாவும் முழுவதும் எடுக்கத்தக்கவை. எடுத்த பிறகு, நடக்கவே முடியாதிருந்தவர்களும் எழுந்து நடப்பதுண்டு. மெனிஞ்சியோமா நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களின் மார்புப் பகுதியில் அதிகம். ஷ்வானோமா எலும்பு இடுக்கின் வழியே உள்ளும் வெளியும் வளர்ந்து உடுக்கையின் வடிவம் பெறுவதுண்டு. ஒருவருக்கே பல ஷ்வானோமாக்கள் இருந்தால், குடும்பத்தில் வரும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் வகை நோய்களைத் தேட வேண்டும்.

தண்டுவடத்துக்குள் இருக்கும் கட்டியின் அறுவை மிக நுட்பமானது. நுண்ணோக்கியின் கீழ், தண்டுவடத்தின் பின்புற நடுக்கோட்டை மெல்லப் பிரித்து உள்ளே செல்வார்கள். மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் மின்சைகைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி கூடவே இயங்கும். சைகை தளர்ந்தால் கை நிற்கும். எபெண்டிமோமாவுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பெரும்பாலும் பிரியத்தக்க எல்லை இருப்பதால் முழுவதும் எடுக்க முயல்வார்கள். ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்பிழைகளுக்குள் ஊடுருவிக் கிடக்கும். அங்கே திசு எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான அளவோடு நிறுத்துவதே திறமை. அறுவைக்குப் பின் சில வாரங்கள் காலின் நிலையுணர்வு முன்பைவிட மோசமாக இருக்கக்கூடும் என்பதை முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும்.

எலும்பில் தோன்றும் அரிய கட்டிகளில், ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவைத் தகுந்த இடத்தில் ஊசிவழி ரேடியோ அலை வெப்பத்தாலேயே சுட்டுவிடலாம். ஈவிங் சார்கோமாவுக்குப் பொதுவாகக் கீமோதெரபியில் தொடங்குவார்கள். திரிக எலும்பில் மெல்ல வளரும் கார்டோமாவை உடைக்காமல் ஒரே துண்டாக எடுப்பதே குறிக்கோள். அதற்குக் கதிர்வீச்சு தேவைப்படும்போது, புரோட்டான் கற்றைகள் அருகிலுள்ள நரம்புக்கும் குடலுக்கும் குறைந்த பாதிப்போடு உயர் அளவைத் தர உதவுகின்றன. 2019 முதல் சென்னையிலேயே புரோட்டான் சிகிச்சை கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

கால் உணர்ச்சி குறைந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, திரிக எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவிவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். மார்ஃபின் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி வலியைச் சகித்துக்கொள்ளச் சொல்வது இரக்கமன்று. அதோடு மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

மறு ஸ்கேனுக்கான இடைவெளி கட்டியின் வகையைப் பொறுத்தது. அதற்கு இடையில் வீட்டிலேயே ஒரு சோதனையைச் செய்துகொள்ளலாம்: வாரம் ஒருமுறை, அதே தாழ்வாரத்தில், அதே செருப்போடு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஒருவர் அருகில் துணைக்கு நிற்க அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். 20 வினாடி 30 ஆகியிருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திராமல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.